ஒரே எழுத்தில் ஒரு தீவு

டென்மார்க்கில் என்னோடு வளர்ந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பத்து வயதிலேயே வைத்தியரிடமும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்தவர்கள் நீங்கள். அம்மாவின் வலியை டேனிஷில் சொல்லச் சொல் தெரியாமல் உங்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டியவர்கள். இப்போது எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது. சந்தித்தால் சமையலறைத் தரையும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பும்தான் கதை. பழசை யாராவது எடுத்தால், பாவம் அப்பா அம்மாவுக்கு என்ன தெரியும், ரீச்சர்மாரும் நல்ல ஆட்கள்தானே என்று இரண்டு பக்கத்தையும் மன்னித்துவிட்டு அடுத்த தேநீரை ஊற்றுகிறோம். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயது. அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தோம். அப்பா ரை தானியத்தில் கறுப்பு ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஜக்கெட் எப்போதும் புளித்த மாவு மணக்கும். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அம்மா எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்து, பிறகு எந்தப் பள்ளிக்கூடத்திலும் உட்காராதவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த ஆள் என்று யாரும் இல்லை. அந்த ஆள் நான்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். எழுத்துக்கூட்டலில் வகுப்பில் என்னை யாரும் வென்றதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அந்த இலையுதிர்காலம் வகுப்பாசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, பெற்றோர் பிறந்த இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். ஒருத்தி ஓகூஸ் நகரத் துறைமுகத்தின் படம் கொண்டுவந்தாள். என் கையில் படம் ஒன்றும் இல்லை. அப்பா சொன்னவை மட்டும் இருந்தன. என் அப்பா டெல்ஃப்ட்டில் பிறந்தவர் என்று தொடங்கினேன். அது ஒரு தீவு. அங்கே யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் கூட்டமாகத் திரியும். வீட்டு மதில்களைக் கடலிலிருந்து எடுத்த வெள்ளைக் கற்களால் கட்டியிருப்பார்கள். ஒரு மரம் இருக்கிறது, அதன் வயிற்றுக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம்.

வீட்டில் நாங்கள் நெடுந்தீவு என்றுதான் சொல்வோம். அது வகுப்பில் ஒருவர் வாயிலும் நுழையாது என்று அப்பாவின் ஊர்க் காகிதங்களில் இருந்த பெயரைச் சொன்னேன். ஒல்லாந்தர் நம் கடலில் இருந்த காலத்தில் தங்கள் ஊரின் பெயரை அந்தத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள், ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் பெயர் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் அக்கா, என் மாமி, ஹொலண்டில் குடியிருந்த ஊரும் டெல்ஃப்ட். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பெயரையும் சாமான்களோடு எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஆசிரியை என்னை இடையில் நிறுத்தினார். கோபமாக அல்ல, மிகவும் அன்பாக. டெல்ஃப்ட் ஹொலண்டில் இருக்கிறது, அது தீவு இல்லை, நீ வாசித்த கதைப் புத்தகங்களோடு குழப்பிக்கொண்டாய் என்றார். கணினியில் தேடிக் காட்டினார். கால்வாய்கள், பாலங்கள், நீலப் பூப்போட்ட தட்டுகள். அதே மாதிரித் தட்டு ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது, மாமி அனுப்பியது. அதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வகுப்பு சிரித்தது. குதிரை உண்டு என்று நான் மேசையில் தட்டினேன். அதையும் செய்திருக்கக் கூடாதாம்.

அன்று பின்னேரம் ஒரு கடிதம் கொண்டுவந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன். பிள்ளை கற்பனையையும் உண்மையையும் குழப்புகிறாள். திருத்தினால் பிடிவாதம் பிடிக்கிறாள். இது மொழி போதாமையால் இருக்கலாம். ஆகவே அவளை வேறொரு பள்ளிக்கூடத்தில், நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்புக்கு மாற்றுவதைப் பற்றி விடுமுறை முடிந்ததும் பேச வேண்டும். நான் பிறந்தது இந்த நாட்டு ஆஸ்பத்திரியில். பொய்யாக மொழிபெயர்க்க அப்போது எனக்குத் தெரியாது. எழுதியிருந்தபடியே வாசித்துவிட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தா. அப்பா எழுந்து போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து, அதிலிருந்து கொமூன் எனும் நகரசபை அலுவலகத்தின் பதிவுத்தாளை என் முன்னால் வைத்தார். அவர் பெயர். பிறந்த இடம்: டெல்ஃப்ட். நாடு: ஹொலண்ட்.

தொழிற்சாலையில் அவரை ஹொலண்டுக்காரன் என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அது பகிடி என்று நினைத்திருந்தேன். அது காகிதத்திலேயே இருந்த பகிடி.

"இது பிழை," என்றேன்.

"ஓம், பிழைதான். கிடக்கட்டும். ஒரு பிழையைத் திருத்தப் போனா முழுக் கோப்பையும் கிண்டுவாங்கள். நீ ரீச்சரிட்ட, நான் மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு. எல்லாம் முடிஞ்சிடும்."

அதோடு எனக்கு எது முடிந்துபோகும் என்று அவர் யோசிக்கவில்லை. நான் பொய்க்காரி என்று நானே ஒப்புக்கொண்டு அந்த வகுப்பில் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பஸ் மாறி அந்தப் புதுப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போக வேண்டும். நான் சாப்பிடாமல் படுத்தேன்.

இலையுதிர்கால விடுமுறையை இங்கே வயதானவர்கள் இன்னும் உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள். முன்பு பிள்ளைகள் வயலில் கிழங்கு பிடுங்கப் போவார்களாம். நாங்கள் ஹொலண்டுக்குப் போனோம். விடியமுன் கார் ஏறி, காரையே கப்பலில் ஏற்றி, ஜெர்மனியைக் குறுக்காகக் கடந்து போகிற பயணம். பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வெள்ளித்தாளில் சுற்றியிருந்தன. தெருவோர இளைப்பாறும் இடத்தில் நின்று சாப்பிட்டபோது பிட்டு காற்றில் பறந்து அப்பாவின் ஜக்கெட்டில் ஒட்டியது. அம்மா யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண். அப்பாவைச் சீண்ட அவவிடம் ஒரே சொல்தான் இருந்தது: தீவான். கப்பலில் அப்பா மேல்தட்டை விட்டு இறங்க மறுத்தபோது, தீவானுக்குத் தண்ணியைக் கண்டால் மனுசி பிள்ளை தெரியாது என்றா. அப்பா சிரித்தார். நான் ஜெர்மனி முழுவதும் வாய் திறக்கவில்லை.

மாமி பழைய ஊருக்கு வெளியே, மாடிக் குடியிருப்பில் இருந்தா. கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி பிடுங்கும் வேலை. தக்காளிச் செடியின் பச்சைக் கறை விரல் இடுக்குகளில் ஏறி, சவர்க்காரத்துக்கும் போகாது. அந்தக் கையால் என் முகத்தைப் பிடித்து முத்தமிட்டபோது இலை மணத்தது. இப்போதும் கடையில் காம்போடு தக்காளி வாங்கி முகர்ந்தால் மாமி வந்து நிற்பா.

அடுத்த நாள் ஊர் பார்க்கப் போனோம். படத்தில் பார்த்தது போலத்தான் இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். கால்வாய்த் தண்ணீரில் மஞ்சள் இலைகள் அசையாமல் கிடந்தன. கடை வாசலெல்லாம் நீலத் தட்டுகள். நான் ஒவ்வொரு தெருவிலும் ஒரு குதிரையைத் தேடினேன், சிலையாகவாவது. கால்வாய்க்குள் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் படகு ஒன்றில் ஏறினோம். ஓட்டுகிறவர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். புறப்படும்போது ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டார். யாரோ ஜப்பான் என்றார்கள், யாரோ ஸ்பெயின் என்றார்கள். அப்பாவிடம் வந்தார்.

"டெல்ஃப்ட்," என்றார் அப்பா.

ஏன் அதைச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பழக்க தோஷமாக இருக்கலாம். அந்தப் பெயரை அந்தத் தண்ணீரில் வைத்து ஒருமுறை சொல்லிப் பார்க்க நினைத்திருக்கலாம். படகோட்டி சிரித்தார். இல்லை, உண்மையாக எந்த ஊர் என்று கேட்டார். அப்பா திரும்பவும் டெல்ஃப்ட் என்றார். படகு முழுவதும் சிரித்தது. நல்ல பகிடிக்காரர் என்று படகோட்டி கைதட்டினார். அப்பா கடைசியில் டென்மார்க் என்றார். சிரிக்கவும் செய்தார். மாமியும் சிரித்தா. எனக்கு அந்தப் படகைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

பாலங்கள் மிகவும் பதிவானவை, தலை தட்டும் உயரம். ஒவ்வொன்றும் வரும்போது தலையைக் குனியச் சொல்வார், எல்லோரும் குனிவோம். கடந்ததும் நிமிர்வோம். மூன்றாவது பாலம் கடந்து, எல்லோரும் நிமிர்ந்து தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தபோது, அப்பா மட்டும் குனிந்தபடியே இருந்தார். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தேன்.

அன்று பின்னேரம் மாமியின் குசினியில்தான் விசயம் வெளியே வந்தது. பிள்ளை ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று மாமி கேட்டா. அம்மா கடிதத்தைப் பற்றிச் சொன்னா, பதிவுத்தாளைப் பற்றியும். மாமி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினா.

"எனக்கு இஞ்ச அப்பிடி ஒரு பிழை நடக்கேல்லை, தம்பி. டெல்ஃப்ட்டில பிறந்தனான் எண்டு சொன்ன உடனே எந்த நாட்டு டெல்ஃப்ட் எண்டு கேட்டாங்கள். நான் இஞ்ச பிறக்கேல்லை எண்டு இஞ்சத்தைய சனத்துக்கு முகத்தைப் பாத்தாலே தெரியும். உன்ர டென்மார்க்கில எப்பிடி நடந்தது?"

அப்பா அப்போது சொன்னார். நான் அதுவரை கேட்டிராத கதை. வந்த புதிதில் அவரை வைத்திருந்த அகதி முகாம் ஒரு தீவில் இருந்ததாம். அவர் முதலில் கற்ற டேனிஷ் சொல் அதுதான், தீவு. டேனிஷில் தீவுக்கு ஒரே ஒரு எழுத்து. ஒரு வட்டம், அதற்குக் குறுக்கே ஒரு கோடு: Ø. எழுத்தே சொல். விசிலடிக்கப் போவதுபோல் உதட்டைக் குவித்து, அதோடு 'ஏ' என்று சொல்ல வேண்டும். தீவான் ஒருவனுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது என்று நாள் முழுவதும் சொல்லிப் பழகினாராம். பதிவு செய்கிற அலுவலகத்தில், பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். டெல்ஃப்ட் என்றார். எங்கே என்று கேட்டார்கள். அவர் தன் ஒரே ஒரு டேனிஷ் சொல்லைச் சொன்னார். எழுதுகிறவர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்பா இன்னொரு முறை சொன்னார். அவர் இன்னும் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஹொலண்ட் என்று எழுதினார்.

"நான் திக்குறன் எண்டு நினைச்சிட்டார். ஆ... ஊ... எண்டு சொல்லுத் தேடுறன் எண்டு நினைச்சிட்டார். மொழிபெயர்ப்பாளர் அண்டைக்கு வரேல்லை."

மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அப்பாவும் சிரித்தார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் தன் முழு வசனத்தையும் சரியாகச் சொல்லி முடித்திருக்கிறார். கேட்டவருக்கு அது வசனமாகத் தெரியவில்லை. எனக்கு நடந்ததும் அதுதானே என்று அந்தக் குசினிக் கதிரையில் இருந்தபடி விளங்கியது.

மாமியின் குளியலறையில் கை அளவு வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் பூப்போலச் சின்னச் சின்னத் துளைகள். மாமி அதால் குதிகாலைத் தேய்ப்பா. எங்கே வாங்கியது என்று கேட்டேன். வாங்கவில்லையாம். கடைசியாகத் தீவை விட்டு வரும்போது தங்கள் வீட்டு மதிலிலிருந்து கழற்றிப் பையில் போட்டதாம். சாமித்தட்டில் வைக்காமல் ஏன் குதியில் தேய்க்கிறீர்கள் என்றேன்.

"அந்த மதிலுக்கு மேல ஏறி நடந்த குதிதானே. அதுக்குத் தெரியும்," என்றா. பிறகு கல்லைக் கழுவி, துவாயில் துடைத்து, கையில் தந்தா. "கொண்டு போ. ஆனா வாய் காட்டாத. ரீச்சர் சொல்லுறதுக்கு ஓம் எண்டு சொல்லிப் பழகு. எங்கட ஆக்கள் வாயால கெட்டதுதான் கூட."

மாமியையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. கல்லுக்காக அரைவாசி மன்னித்திருக்கிறேன்.

விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, பாடம் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம். சின்ன வகுப்பறை, சின்னக் கதிரைகள். அப்பாவின் முழங்கால் மேசைக்குள் நுழையவில்லை. ஆசிரியை மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, பிஸ்கட் வைத்திருந்தார். மொழிபெயர்க்க வேறு யாரும் இல்லை, நான்தான். என் வழக்கில் நானே மொழிபெயர்ப்பாளர்.

அப்பா எங்கே பிறந்தார் என்று ஆசிரியை கேட்டார். நான் தமிழில் சொல்லும் முன்பே அப்பா பதிவுத்தாளை மேசையில் விரித்தார். விரலால் அந்த வரியைக் காட்டினார். "ஹொலண்ட்," என்றார்.

ஆசிரியை அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கமாகப் பார்த்தார். அப்படியானால் இந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று அப்பாவிடம் கேள் என்றார்.

"அப்பா, குதிரை எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கிறா."

அப்பா மெழுகுதிரியைப் பார்த்தார். நான் பொக்கற்றுக்குள் இருந்த கல்லைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து வாய் திறக்காத அம்மாதான் பேசினா, மெதுவாக, பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி.

"சொல்லுங்கோவன், தீவான். குதிரைக்குத் தண்ணி அள்ளின கதையை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பியள். இவவுக்கு ஒருக்காச் சொன்னா என்ன?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். மழை பொய்த்த வருடம் ஒன்றில் குளங்கள் வெடித்துக் கிடக்க, குதிரைகள் கிணற்றடிக்கு வந்து நிற்குமாம். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்குமாம், குடிக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் வாளி போட்டு அள்ளிக் கல்தொட்டியில் ஊற்றுவாராம். ஒன்று குடித்தால் பத்து வரும். மணி அடித்துவிடும். பிந்திப் போய் அடி வாங்கி, அடுத்த நாளும் பிந்தி, கடைசியில் போகாமலே விட்டாராம். ஐந்தாம் வகுப்பு அப்படித்தான் நின்றது. எங்களிடம் அந்தக் கடைசிப் பகுதியை அவர் சொன்னதே இல்லை. நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் டேனிஷ் ஒருநாளும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அது ஆசிரியைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் தாளில் ஹொலண்ட் என்றுதானே இருக்கிறது என்றார் ஆசிரியை, கொஞ்சம் தடுமாறி. அது அப்பாவுக்கே விளங்கியது. அவர் நிமிர்ந்து, உதட்டைக் குவித்து, தன் பழைய சொல்லைச் சொன்னார். சரியாக வரவில்லை. 'ஓ'வுக்கும் 'ஏ'க்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது.

ஆசிரியை தலையை ஆட்டியபடி காத்திருந்தார். மிச்சத்தைச் சொல்லுங்கள் என்பது போல, பொறுமையாக, அன்பாக.

"அவர் சொல்லி முடித்துவிட்டார்," என்றேன் டேனிஷில். "அதுதான் வசனம். தீவு என்று சொல்கிறார். முதல் நாளே சொன்னார். எழுதினவருக்குக் கேட்கவில்லை."

ஆசிரியை எழுந்து போய்ப் பெரிய தேசப்படப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். இலங்கைப் பக்கத்தைத் திறந்தோம். இலங்கையே என் பெருவிரல் அளவுதான். வடமேற்குக் கடலில் சில புள்ளிகள். இங்கே பெயர் ஒன்றும் இல்லையே என்றார். நான் கல்லை எடுத்து வைத்தேன். அது முழு நாட்டையும் மூடிவிட்டது. கல்லைத் தள்ளிவிட்டு, மேசையில் இருந்த அவருடைய பேனையை எடுத்து, அப்பா விரல் வைத்த புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்து, கடலில் எழுதினேன். டெல்ஃப்ட், பக்கத்தில் அந்த வட்டமும் குறுக்குக் கோடும். பென்சில் இல்லை, மை.

இது பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்றார் ஆசிரியை.

"பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்றால் சரியாக இருக்க வேண்டும்," என்றேன்.

அம்மாவுக்கு விளங்கியது. என் தொடையில் கிள்ளினா. அப்பாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும், மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் வரை பார்க்கலாம் என்று முடிவானது. கிறிஸ்மஸ் போனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் அதே கதிரையில் இருந்தேன். புத்தகத்தைப் பழுதாக்கியதாக வீட்டுக்கு இன்னொரு கடிதம் வந்தது. அதில் அப்பா தன் முழுப் பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தார். ஆசிரியை வகுப்பில் எழுந்து, நான் பிழையாகச் சொன்னேன், அவள் சொன்னது சரி என்று சொல்வார் என்று எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? சொல்லவே இல்லை. கல்லை மட்டும் விஞ்ஞான அறைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கக் கேட்டார். பெருமையாகக் கொடுத்தேன். சில வருடம் கழித்து அந்தக் கட்டடத்தைத் திருத்தியபோது அலுமாரியில் இருந்ததெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. மாமி தொலைபேசியில் இப்போதும் கேட்பா, என்ர குதிக்கல்லு எங்கயடி என்று.

பன்னிரண்டு வருடப் படிப்பு முடிந்து, பள்ளி முடித்தவர்கள் இங்கே அணிகிற வெள்ளைத் தொப்பியைப் போட்ட அன்று, மாணவர்களை ஏற்றி வீடுவீடாகப் போகிற லொறி எங்கள் குடியிருப்பின் முன்னாலும் நின்றது. அம்மா இருபத்தாறு பேருக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தா. குதிரைக்குச் சிரித்தவர்கள் நாலுபேர் அதில் இருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். அப்பா என் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்தார், பெரிதாகவே இருந்தது.

போன வசந்தத்தில் அவரை அந்தக் கொமூன் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். ஓய்வு பெற்றுவிட்டார், இனி அந்தக் கோப்பைக் கிண்டினால் கிண்டட்டும் என்று அவரே சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி. தாளைப் பார்த்து, டெல்ஃப்ட், ஹொலண்ட், இதில் என்ன பிழை என்று கேட்டாள். நான் வாய் திறந்தேன். அப்பா கையால் என்னை மறித்தார்.

"இல்லை," என்றார் டேனிஷில். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் அது அவருக்கு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அவர் இன்னொரு முறை சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். உதவி செய்யாமல் நிற்பது அவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது.

அப்பா கவுண்டரில் கட்டியிருந்த பேனையை இழுத்து எடுத்தார். தாளில் ஹொலண்ட் என்ற சொல்லை, யாரிடமும் கேட்காமல், நேராக ஒரு கோட்டால் வெட்டினார். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார், ரொட்டி அளவு பெரிய வட்டம். அதன் குறுக்கே ஒரு கோடு. பேனையை வைத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றார், எழுதி முடித்த ஆளாக.